நடிகையும் பத்திரிகைக்காரரும்

ஆவடியிலிருந்து சென்ட்ரல் செல்லும் மின்சார ரயிலில், அம்பத்தூர் நெரிசலையும் பொருட்படுத்தாமல், பிரபல நடிகர் ஒருவர் சாமானியப் பெண்ணிடம் மனம் பறிகொடுக்கும் மாத நாவலில் லயித்திருக்கும் பெண்களைக் காணும்போதெல்லாம், ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ என் நினைவில் வந்து இனிக்கிறது.

என்னிடமுள்ள பிரதி, முன்பு வாடகை நூலகம் ஒன்றில் இருந்தது. முதுகில் தடித்த நூலால் தைத்த தையல், புரட்டினால் சருகுபோல் சலசலக்கும் தாள்கள், ஓரங்களில் எத்தனையோ விரல்களின் எண்ணெய்ப்பசை. நாடக நடிகை கல்யாணி, பத்திரிகைக்காரர் ரங்காவை மணக்கும் கதைதான். ஆயினும் புகழின் பிரகாசத்தில் மயங்காமல், அரிதாரம் கலைத்த முகத்தோடு அவள் வீட்டில் பேசும் சம்பாஷணைகளையும், குரல் உயராமலே வளரும் மனஸ்தாபத்தையும், பிரிய நினைத்து வக்கீலிடம் போனால் சட்டம் காரணம் கேட்கும் தர்மசங்கடத்தையும், பாவுநூல் அறாமல் இழை சேர்க்கும் நெசவாளியின் பொறுமையோடு ஜெயகாந்தன் எழுதிச் செல்கிறார். அந்த நிதானம்தான் எனக்குப் பெரிய சுகம். 1978-ல் பீம்சிங் இதைப் படமாக்கினார், லட்சுமி கல்யாணியாக நடித்தார். படம் பார்த்தவர்களும் நாவலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.