ஊசிக் காதும் 33.4 சதவீதமும்

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்குவதை வெள்ளெழுத்து என்கிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சாளேசரம் என்பார்கள். வெள்ளெழுத்து நல்ல சொல்தான். கறுப்பாக இருந்த எழுத்து வெளிறிப் போகிறது, கை தானாகவே தாளைத் தள்ளிப் பிடிக்கிறது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவரை மனத்தில் வைத்துப் பிறந்த சொல் அது. அதற்குப் போடுகிற கண்ணாடியும் படிக்கிற கண்ணாடி. அநேகமாக எல்லா வீட்டிலும் அது செய்தித்தாளோடும் அப்பாவின் சட்டைப் பையோடும் சேர்ந்த பொருள். என் அம்மாவுக்கு முதலில் மறைந்தது எழுத்து அல்ல, முறத்து அரிசிக்கு நடுவே கிடந்த வெள்ளைக் கல். அடுத்து ஊசிக் காது. "ஏ புள்ள, இதுல கொஞ்சம் நூலக் கோத்துக் குடுத்துட்டுப் போ" என்று அவர் பள்ளிக்கூடம் கிளம்புகிற என்னைக் கூப்பிட்ட வருடங்களில், அதை ஒரு கண் பிரச்சினை என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

கிராமத்து மக்களுக்கு இலவசமாகப் படிக்கிற கண்ணாடி கொடுத்து, அதனால் என்ன மாறியது என்று அளந்த ஓர் ஆய்வைப் படித்தபோது இந்த ஊசிதான் நினைவுக்கு வந்தது. வங்கதேசக் கிராமங்களில் நடந்த த்ரைவ் என்ற அந்த ஆய்வின் முடிவுகள் 2024 ஏப்ரலில் பிளாஸ் ஒன் இதழில் வெளிவந்தன. 35 முதல் 65 வயது வரை உள்ளவர்கள், தூரத்துப் பார்வை நன்றாக இருந்து அருகில் இருப்பது மட்டும் தெரியாதவர்கள், கண்ணை ஊன்றிச் செய்கிற வேலைகளில் இருப்பவர்கள் என 824 பேரைத் தேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்கு எட்டு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் இரு தரப்பிலும் மாத வருமானத்தின் இடைநிலை 35.3 டாலர். எட்டு மாத முடிவில் கண்ணாடி பெற்றவர்களிடம் அது 47.1 டாலர், பெறாதவர்களிடம் அதே 35.3. வித்தியாசம் 33.4 சதவீதம். உலகப் பத்திரிகைகள் தலைப்பாக்கியது இந்த எண்ணைத்தான்.

குறை சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நலத்திட்டங்களை மதிப்பிட்டதாகச் சொல்லி நம் கைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கோடும் சிரித்த முகங்களின் படங்களோடும் முடிந்துவிடும். இது அப்படிப்பட்டதில்லை. ஒப்பிட ஒரு குழு இருந்தது. காத்திருந்தவர்களுக்கும் கடைசியில் கண்ணாடி கிடைத்தது. எட்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, கண்ணாடி பெற்றவர்களில் 88.3 சதவீதத்தினர் அதை அணிந்துகொண்டிருந்தார்கள். இலவசமாகக் கொடுத்தால் பரணில் போட்டுவிடுவார்கள் என்று பேசுகிறவர்களுக்கு இந்த எண்ணைத் தாராளமாக எடுத்துக் காட்டலாம். பங்கேற்றவர்களில் எழுத்தறிவு உள்ளவர்கள் 35 சதவீதம் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பேர் 'படிக்கிற கண்ணாடி'யைப் படிப்பதற்காகப் போடவில்லை. நம் சொல்லே தவறான இடத்தைக் காட்டுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆய்வுச் சுருக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அது தலைப்பாகவில்லை. யாருடைய வருமானம் கூடுதலாக உயர்ந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கண்ணாடி பெற்ற குழுவில் இருப்பதற்கு வாய்ப்பு விகிதம் 1.45. ஆணாக இருப்பதற்கு 2.41. ஒன்று என்றால் வேறுபாடே இல்லை என்று பொருள், ஒன்றுக்கு மேலே போகப் போகச் சாதகம் கூடுகிறது. இதை அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. கண்ணாடி பெண்களுக்குக் குறைவாக உதவியது என்று இந்த எண் சொல்லவில்லை. கண்ணாடி கிடைத்ததோ இல்லையோ, அந்த எட்டு மாதத்தில் வருமானம் ஏறுகிற வாய்ப்பு ஆண்களிடம் அதிகமாக இருந்தது என்கிறது. ஆனாலும் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமான உயர்வோடு கண்ணாடிக்கு உள்ள தொடர்பைவிட ஆணாகப் பிறந்ததற்கு உள்ள தொடர்பு பலமானது. பங்கேற்றவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவர்களுக்கும் ஆண்களுக்கும் சேர்த்து ஒரே இடைநிலை எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்தால், இந்த மேடு பள்ளம் கண்ணில் படாமலே போகும்.

ஏன் இப்படி என்று கேட்டால், என் சந்தேகம் கண்ணாடியின் மீது அல்ல, அளவுகோலின் மீதுதான். இந்த ஆய்வின் முதன்மை அளவு பங்கேற்பவர் தன் வாயால் சொல்லும் மாத வருமானம். 'உன் வருமானம் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரு தச்சர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். நெசவாளி வீட்டுப் பெண் என்ன சொல்வாள்? நூல் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிடித்து முடிவதும் அவள் வேலை. சேலையை விற்றுக் காசு வாங்கி வருவது அவள் கணவன். அவள் கண் தெளிந்ததால் தறி நிற்காமல் ஓடியிருக்கலாம், அந்தக் காசு அவன் வருமானமாக ஏறியிருக்கும். பீடி சுற்றும் வீடுகளை அறிந்த திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழைத்தது யார் விரல், கடை அட்டை யார் பேரில் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றாக இருப்பதில்லை.

காசே வராத வேலையின் கதை தனி. அரிசியில் கல் பொறுக்குவது, கீரையில் புழு பார்ப்பது, குழந்தைக்கு மீனில் முள் எடுத்து ஊட்டுவது, பேத்தியின் தலையில் பேன் பார்ப்பது, மாமனாரின் மாத்திரை அட்டையில் காலைக்கு எது ராத்திரிக்கு எது என்று பிரிப்பது, அவர் சர்க்கரை ஊசியில் அளவுக் கோட்டைப் பார்ப்பது. ஒரு முழத் தூரத்துக்குள் நடக்கிற இந்த வேலைகளுக்குக் கண்ணைவிட முக்கியமான கருவி எது? இவற்றின் வருமானம் பூஜ்ஜியம். கண்ணாடி போட்ட பிறகும் பூஜ்ஜியத்தின் 33.4 சதவீதம் பூஜ்ஜியம்தான். வாழ்க்கைத் தரத்தையும் இந்த ஆய்வு இரண்டாம் நிலை அளவாக எடுத்துக்கொண்டது, அது வரையில் நல்லது. ஆனால் ஊரில் பேசப்படுவதும் நிதி கொடுப்பவர்கள் மனத்தில் நிற்பதும் முதல் அளவுதான். வருமானம் கூட்டுவதே கண்ணாடியின் நியாயம் என்று ஆகிவிட்டால், அடுத்த முகாமை யாருக்கு நடத்துவது என்ற கேள்விக்கும் விடை அதிலேயே வந்துவிடும். அதிகம் சம்பாதிக்கக் கூடியவனுக்கு முதலில்.

இத்தனைக்கும் வெள்ளெழுத்து பெண்களை முந்திக்கொண்டு பிடிக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பெண்களுக்குப் படிக்கிற கண்ணாடியின் தேவை ஆண்களைவிடச் சீக்கிரமாக வருகிறது என்றது. கண்ணின் குவிக்கும் திறன் பெண்களிடம் வேகமாகக் குறைவது அதற்குக் காரணம் இல்லை, செய்கிற வேலையும் எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம் என்றது. உடம்பின் குறை என்று நாம் நினைப்பதில் பாதி வேலைப் பங்கீடு. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

வருமானத்தை விட்டுவிட்டு விளைச்சலை அளந்தால் மட்டும் சரியாகிவிடுமா? அசாமில் அப்படி ஒன்று நடந்தது. தேயிலை கொய்யும் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு, 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி பெற்றவர்கள் ஒரு நாளில் கொய்யும் கொழுந்தின் எடையில் மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதல் உயர்வு காட்டினார்கள். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே இங்கே பெண்ணின் உழைப்பு தராசில் ஏறியது என்று மகிழலாம். ஆனால் தராசு தோட்டத்துடையது. தோட்டக் கூலி நாளுக்கு இவ்வளவு என்று கட்டியது, நிர்ணயித்த எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்குச் சில்லறை. எடை 21.7 சதவீதம் ஏறினால் கூலி 21.7 சதவீதம் ஏறாது. எல்லோரும் கூடுதலாக எடுக்கத் தொடங்கிவிட்டால் நிர்ணய எடையையே உயர்த்தலாம் என்று நிர்வாகத்துக்குத் தோன்றாதா? மூணாறில் 2015இல் கூலிக்கும் போனசுக்குமாகச் சாலையில் உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களிடம் இந்த ஆய்வைக் கொடுத்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்தக் கேள்வியாகத்தான் இருக்கும். கண்ணாடி வேண்டாம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

இன்னொரு பெண்ணும் கணக்கில் இல்லை. கண்ணாடியைச் சுமந்துகொண்டு வாசலுக்கு வருகிறவள். வங்கதேசத்தில் பிராக், விஷன்ஸ்பிரிங் என்ற இரு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் கண்ணாடித் திட்டத்தை ஊருக்குள் கொண்டுபோனவர்கள் சாஸ்த்ய சேபிகா எனப்படும் கிராமச் சுகாதாரத் தொண்டர்கள். எல்லோரும் பெண்கள். மாதச் சம்பளம் கிடையாது, விற்கும் மருந்திலும் பொருளிலும் கிடைக்கும் சிறு லாபம்தான். ஆய்வுக்காக இலவசமாகக் கொடுத்த கண்ணாடியை, வழக்கமான திட்டத்தில் குறைந்த விலைக்கு விற்பவர்களும் இவர்களே. ஒரு கண்ணாடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அதனால் இது மலிவான அற்புதம் என்று எழுதும்போது, அந்த மலிவில் அவளுடைய நடையும் சேர்ந்திருக்கிறது என்பதை எழுதுவதில்லை. நம்மூர் ஆஷா பணியாளர்களைப் போலத்தான்.

உலகில் 82.6 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்தால் கிட்டப் பார்வை குறைந்திருக்கிறது, கண்ணாடி இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே இன்னும் நிறையத் திட்டங்கள் வரும், அவற்றை அளக்க ஆட்களும் வருவார்கள். இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை அந்தக் கேள்வித்தாளைத் தயாரிக்கிற இடத்தில் இருக்கலாம். நானாக இருந்தால் வருமானக் கேள்வியை எடுத்துவிட மாட்டேன், பெண்களுக்குக் காசு வேண்டாம் என்று யார் சொன்னது? அதோடு சிலவற்றைச் சேர்ப்பேன். அந்தக் காசு யார் கையில் இருக்கிறது? கண் தெரிந்த பிறகு நாளில் எத்தனை மணி நேரம் வேலை கூடியது, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாள்? வேலையை விட்டவர்கள் திரும்ப வேலைக்கு வந்ததை ஆய்வு நல்ல செய்தியாகச் சொல்கிறது. அவர்கள் விட்டுவந்த வீட்டு வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? வீட்டில் இருப்பது ஒரே கண்ணாடி என்றால் அது எந்த நேரத்தில் யாருடைய மூக்கில் இருக்கிறது?

அம்மா கடைசியில் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கினார். கடைக்காரர் படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார். அம்மா அதை வாங்கவில்லை, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஊசியையும் நூல்கண்டையும் எடுத்திருக்கிறார். நாலாவது கண்ணாடியில் நூல் கோத்தது. அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.