பின்னலை வரைவதா, பின்னுவதா?

முப்பரிமாண மாடல்கள் விற்கும் இணையக் கடைகளில் "ஆப்பிரிக்கா" என்று தேடிப் பார்ப்பது சில மாதங்களாக என் பொழுதுபோக்கு. மெய்நிகர் உருவங்களுக்கு மாட்டிவிடும் உடை, தலைமுடி எல்லாம் அங்கே கிடைக்கும். பெரும்பாலும் வந்து விழுவது என்ன தெரியுமா? சிறுத்தைப் புள்ளி போட்ட துண்டுத்துணி, பளீர் நிறத்தில் இறுக்கமான கவுன், தலையில் தொப்பி மாதிரி ஒரு துணி உருண்டை. முடி என்றால் பஞ்சு உருண்டையாக ஒன்று, கயிறு கயிறாக ஒன்று. 54 நாடுகள் உள்ள ஒரு கண்டம் ஒரே டேக்கில் முடிந்துவிடுகிறது.

இதைப் பண்பாட்டு அவமதிப்பு என்று திட்டிவிட்டுப் போகலாம். திட்டியும் இருக்கிறார்கள். நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு உறுத்துவது வேறு. இந்த மாடல்களில் சேமிக்கப்படுவது கடைசித் தோற்றம் மட்டும்தான். அந்தத் துணி எப்படி நெய்யப்பட்டது, அந்த முடி எப்படிப் பின்னப்பட்டது என்கிற செய்முறை உள்ளே இல்லை. செய்முறை இல்லாததால்தான் தோற்றமும் தப்பாகிறது என்பது என் வாதம்.

முதலில் துணி. கானாவில் அசாந்தே, எவே மக்கள் நெய்யும் கென்டேயை எடுத்துக்கொள்வோம். தறி குறுகலானது. அதிலிருந்து வரும் பட்டை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அகலம்தான். நீளமாக நெய்த பட்டைகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால்தான் முழுத் துணி. ஒரு பட்டையின் கட்டம் பக்கத்துப் பட்டையின் கட்டத்தோடு எப்படிச் சேர்ந்து விழ வேண்டும் என்பது நெய்யும்போதே கணக்குப் போட்ட விஷயம். ஆக, கென்டேயின் அலகு பட்டை.

டிஜிட்டல் கென்டேயில் என்ன செய்கிறார்கள்? ஒரு துணியின் புகைப்படத்தை எடுத்து, உடம்போடு ஒட்டிய ஒரு கவுனின் மேல் டெக்ஸ்சராகப் போர்த்திவிடுகிறார்கள். மார்பில் கட்டங்கள் பலூன் மேல் அச்சடித்த மாதிரி வீங்குகின்றன, இடுப்பில் சுருங்குகின்றன. பட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நெய்த துணியில் இது நடக்க வழியே இல்லை. கென்டேயை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர் கண்ணுக்கு இது உடனே தட்டுப்படும்.

யொரூபா பெண்கள் விசேஷங்களுக்குத் தலையில் கட்டும் கெலேவுக்கும் இதே கதி. கெலே தொப்பி அல்ல. அது ஒரு விறைப்பான நீளத்துணி. கட்டுபவர் கையும் அன்றைய மனநிலையும் சேர்ந்து மடிப்பு அமைகிறது. கடையில் கிடைப்பதோ உறைந்துபோன ஒற்றை மெஷ். தலையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் துணியோடு சேர்ந்து மடிப்பின் தடிமனும் பெரிதாகிறது. தட்டையான வெட்டுத்துணியிலிருந்து ஆடை உருவாக்கும் மார்வலஸ் டிசைனர் மாதிரி மென்பொருள் இருக்கும் காலத்தில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

"அப்போ சுத்தமான ஆப்பிரிக்கத் துணி மட்டும்தான் வேணும்கிறியா?" என்று கேட்கலாம். இல்லை. ஆப்பிரிக்கத் துணி என்றதும் நம் கண்ணில் வரும் அந்தப் பளீர் மெழுகு அச்சுத்துணியே ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் செய்தது. 1846-ல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய டச்சு நிறுவனமான விலிஸ்கோ இன்றும் அதைத் தயாரிக்கிறது. ஆனால் டோகோவின் லோமே நகரில் "நானா பென்ஸ்" என்று பெயர் வாங்கிய பெண் வியாபாரிகளும், துணியை வாங்கி அணிந்த பெண்களும் அந்த அச்சுகளுக்குப் பெயரும் பொருளும் கொடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பிறந்த இடத்தைவிடப் பயன்படுத்தியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபரி மக்கள் சென்னைப் பக்கத்திலிருந்து போன கட்டம் போட்ட துணியை இஞ்சிரி என்பார்கள். அதை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கலபரிப் பெண்கள் அந்தத் துணியில் சில நூல்களை மட்டும் தூக்கி, அறுத்து, உருவி எடுத்துப் புது வடிவம் கொண்டுவந்தார்கள். பெலெதே பிதே என்று பெயர். ஒரு நூல்கூடச் சேர்க்காமல், கழித்தே உண்டாக்கிய துணி! இதைப் படம் பிடித்து ஒட்டினால் வெறும் மங்கலான கட்டம். பாவு, ஊடை என்று இரண்டு அணிகள் வைத்து, எந்த நூலை எந்த இடத்தில் நீக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் வைத்தால் அது பெலெதே பிதே. பட்டியலை மாற்றினால் இன்னொரு புதுத் துணி.

சரி, முடிக்கு வருவோம். இங்கேதான் பிரச்சினை இன்னும் ஆழம்.

ஒரு சின்ன கணக்கு. 20 சென்டிமீட்டர் நீள நேரான முடி ஒன்றைக் கணினியில் வைக்க 15 புள்ளிகள் தாராளம். அதே நீள முடி 2 மில்லிமீட்டர் ஆரத்தில் இறுக்கமாகச் சுருண்டிருந்தால் சுமார் 16 சுற்று வரும். சுற்றுக்கு 12 புள்ளி என்றால் 190 புள்ளிக்கு மேல். தலையில் ஒரு லட்சம் முடி என்று வைத்தால் 15 லட்சம் புள்ளி எங்கே, 1.9 கோடி எங்கே.

இந்தச் செலவைக் குறைக்க எல்லோரும் கையாளும் தந்திரம், சில நூறு வழிகாட்டி முடிகளை மட்டும் கணக்கிட்டு, நடுவில் உள்ளவற்றைப் பக்கத்து முடிகளின் சராசரியாக நிரப்புவது. நேரான முடிக்கு அருமையாக வேலை செய்யும். சுருள் முடியில்? ஒன்று இடப்பக்கம் வளையும் இடத்தில் பக்கத்து முடி வலப்பக்கம் வளைகிறது. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு நேர்கோடுதான் மிஞ்சும். கருப்பின மக்களின் முடியை அந்த நிரலே இஸ்திரி போட்டு நேராக்கிவிடுகிறது! எழுதியவர் மனதில் வன்மம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. "முடி என்றால் நேரானது" என்ற அனுமானம் அடித்தளத்தில் இருந்தாலே போதும்.

யேல் பல்கலைக்கழகத்தின் தியடோர் கிம் 2020-ல் சயன்டிஃபிக் அமெரிக்கனில் இதைத்தான் போட்டு உடைத்தார். கணினி வரைகலை "மனிதத் தோல்", "மனித முடி" என்று பொதுப்பெயர் வைத்து ஆராய்ந்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலும் நேரான முடியும்தான் என்றார். எழுதியதோடு விடவில்லை. அவரும் கூட்டாளிகளும் 2024-ல் கர்லி-கியூ என்ற ஆய்வை வெளியிட்டார்கள். இறுக்கமான சுருள் முடி தலையை ஒட்டிய இடத்தில் எப்படிப் பஞ்சு மாதிரி நிற்கிறது, பழைய டெலிபோன் வயர் போல நடுவில் எப்படித் திசை மாறிச் சுற்றுகிறது என்பதை எல்லாம் கவனித்து, பெயர் வைத்து, வடிவக் கணிதமாக்கினார்கள். செய்முறையைப் பிடிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த ஆய்வில் பங்குபெற்ற ஏ. எம். டார்க் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், விளையாட்டு வடிவமைப்பாளர். கருப்பினக் கலைஞர்கள் செய்த முடி மாடல்களைத் திறமூலமாகத் தரும் "ஓப்பன் சோர்ஸ் ஆப்ரோ ஹேர் லைப்ரரி" அவர் தொடங்கியது. 2023-ல் டவ் நிறுவனத்தோடு சேர்ந்து "கோட் மை கிரவுன்" என்ற இலவசக் கையேடும் வந்தது. இரண்டில் எனக்குக் கையேடுதான் ஒரு படி மேல். நூலகம் மீன் தருகிறது, கையேடு தூண்டில் போடச் சொல்லித்தருகிறது. நூலகத்திலிருந்து ஒரு மெஷ்ஷை இறக்கி வேறு தலையில் மாட்டினால் வகிடு கோணலாகிற பிரச்சினை அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் நியாயமான எதிர்வாதம் ஒன்று வரும். "ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிசெகண்ட்தான் இருக்கு. இதுல எங்க தறி ஓட்டுறது?" ஓட்ட வேண்டாம். விளையாட்டுக்குள் போவது மெஷ்ஷாகவே இருக்கட்டும். ஆனால் மூலக்கோப்பு செய்முறையாக இருக்க வேண்டும். நாம் யாரும் இயங்குகோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலநிரலைத் தூக்கிப் போடுவதில்லையே? தலை மாறினால், முடி நீளம் மாறினால், செய்முறையை மறுபடி ஓட்டிப் புது மெஷ் எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இதனால் நஷ்டம் என்று யோசித்தால் விஷயம் புரியும். சிம்ஸ் 4 விளையாட்டு வந்தது 2014-ல். 100-க்கும் மேற்பட்ட புதுத் தோல் நிறங்கள் அதில் சேர்ந்தது 2020 டிசம்பரில். நடுவில் அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்கள் எபோனிக்ஸ் என்ற பெயரில் இயங்கும் டேனியல் உடோகராண்யா மாதிரி ஆட்டக்காரர்கள். தன்னைப் போல ஓர் உருவம் வேண்டும் என்றால் தானே முடியும் உடையும் செய்ய வேண்டியிருந்தது. மற்றவர்கள் ஒரு கிளிக்கில் வாங்கிக்கொண்டதை, இவர்கள் ராத்திரி கண்விழித்துச் செய்தார்கள்.

நன்றாகச் செய்த உதாரணமும் இருக்கிறது. 2018-ல் வந்த பிளாக் பாந்தர் படத்தில் ராணி ரமோண்டாவின் கிரீடம். அதன் மூலம், திருமணமான ஜூலு பெண்கள் அணியும் இசிசோலோ. அந்தத் தொப்பியே முதலில் தலைமுடியைக் கூம்பாக நிறுத்திய ஒரு சிகையலங்காரமாக இருந்து பிறகு தொப்பியானது. ஆடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டரும், ஜூலியா கெர்னரும் அதைக் கணினியில் பின்னல் வலையாக வடிவமைத்து முப்பரிமாண அச்சில் எடுத்தார்கள். ஜூலு தொப்பியின் அச்சுப் பிரதி அல்ல அது. ஆனால் எதிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல முடிகிறது. வகாண்டா கற்பனை நாடு, அங்கே பல ஊர் மரபுகளைக் கலக்கலாம். கலப்பவருக்கு எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கிறது. "ஆப்பிரிக்கத் தாக்கம்" என்று சொல்லிக்கொள்ள இந்தத் தகுதியாவது வேண்டும்.

கடைசியாக, இதெல்லாம் ராக்கெட் விஞ்ஞானமோ என்று மலைக்க வேண்டாம். "ஆப்பிரிக்கன் ஃப்ராக்டல்ஸ்" என்ற புத்தகத்தை 1999-ல் எழுதிய ரான் எக்லாஷின் குழு, பள்ளிப் பிள்ளைகளுக்காக "கார்ன்ரோ கர்வ்ஸ்" என்று ஒரு மென்பொருள் செய்தது. தலையோடு ஒட்டிப் பின்னும் பின்னலில் ஒவ்வொரு முடிச்சும் முந்தைய முடிச்சின் நகல்தான்: கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சுருக்கினால் அடுத்தது. எத்தனை முறை, எவ்வளவு நகர்வு, எவ்வளவு கோணம், எவ்வளவு சுருக்கம் என்று நான்கு எண்கள். உலாவியில் ஒரு மாலை உட்கார்ந்து அந்த எண்களை மாற்றிப் பாருங்கள். அதன்பிறகு கடையில் கிடைக்கும் அந்தக் கயிறு மாடலைத் திறந்து, அதில் வகிடு எங்கே போகிறது என்று மட்டும் தேடுங்கள்.