முங்கிவிட்டு மலையேறலாமா?

மூணாறிலிருந்து போடிக்கு இறங்கும்போது காது அடைக்கும். நேரியமங்கலம் வழியாகக் கொச்சிக்கு இறங்கினாலும் அப்படித்தான். எச்சிலை விழுங்கினால், அல்லது மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால், 'டப்'பென்று திறந்துகொள்ளும். பஸ்ஸில் ஏறி இறங்கி வளர்ந்த மலைப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 1600 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து கடற்கரைவரை இறங்கும்போது கூடுகிற அழுத்தம் முழுவதும், கடலுக்குள் இரண்டு மீட்டர் இறங்குவதற்கு முன்பே கூடிவிடும். அதனால் ஸ்கூபா பயிற்சியில் எல்லோரும் தடுமாறும் முதல் பாடம் எங்களுக்கு எளிது. அதற்கு அடுத்த பாடங்கள் எல்லாமே கஷ்டம்.

காரணம் நீச்சல். பாலக்காடு பக்கத்துத் தமிழர்களுக்குக் குளமும் சித்தூர்ப் புழையும் உண்டு. கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சித்தப்பா மகன் நடக்கப் பழகிய கையோடு நீந்தவும் பழகியவன். எஸ்டேட் லயத்தில் வளர்ந்த எங்களிடம் ஆற்றைப் பற்றிச் சொல்லப்பட்டதெல்லாம் ஒரே சொல்: போகாதே. தண்ணீர் குளிரும், பாறை வழுக்கும், அணையில் ஆழம் தெரியாது. முங்குகிற ஆள் என்று ஒருவர் மலைக்கு வந்தார் என்றால், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கடற்படையின் முங்கல்காரர்கள் வந்து தேடினார்கள். அந்த ஏரி 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டியதால் உண்டானது. முழுகிப்போன காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. கலங்கலில் கை நீட்டினால் கிளை, கொஞ்சம் தள்ளினால் வேர். இன்று கேரளத் தீயணைப்புப் படையிலேயே ஸ்கூபா அணிகள் இருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் தேடுவதும் உடல்களைத்தான். நான் கடலுக்குள் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றபோது, "தண்ணிக்குள்ள உனக்கு என்னடா வேல?" என்று எங்கள் அப்பாயி கேட்டதில் தப்பே இல்லை.

நான் போனது இலங்கைக்கு, திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு. ஏன் அங்கே என்றால் பருவம். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கேரளக் கடலில் ஸ்கூபா என்ற பேச்சே கிடையாது. இலங்கையில் தென்மேற்குப் பருவமழையை மேற்குக் கரை வாங்கிக்கொள்ளும்போது கிழக்குக் கரை தெளிந்து கிடக்கும். திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர்வரை. இக்கடுவை, உனவட்டுன பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல்வரை. சின்னத் தீவாக இருப்பதன் வசதி அது. வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு கரையில் முங்கலாம்.

பாடத்திட்டம் எங்கே போனாலும் ஒன்றுதான். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பேடி, 1970இல் தொடங்கிய எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகளின் அட்டையைத்தான் நிலாவெளியிலும் தருகிறார்கள், கோவளத்திலும் தருகிறார்கள், அந்தமானிலும் தருகிறார்கள். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் மாஸ்கைக் கழற்றி மாட்டவும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைத் தேடி எடுக்கவும், கூட வருபவரின் காற்றைப் பகிரவும் பழக்குவார்கள். பிறகு திறந்த கடலில் நான்கு முங்கல், 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலான விதி: மூச்சைப் பிடிக்காதே.

வித்தியாசம் அட்டையில் இல்லை, கூட்டிக்கொண்டு போகிற ஆளில் இருக்கிறது.

நிலாவெளியில் என்னை இறக்கிய சுழியோடிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சுற்றுலாவுக்கு வருமுன் கடலட்டை எடுத்தவர். கண்ணாடித் தொட்டிகளுக்கு ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களையும் பிடித்திருக்கிறார். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்கூபா சிலிண்டர் முதலில் ஒரு தொழில் கருவி. உரிமம் வாங்கி அதை முதுகில் கட்டிக் கடலட்டைக்கு இறங்குகிறார்கள். அளவுக்கு மீறி இறங்கி மூட்டு முடங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2001 முதல் கடலட்டை, புலி யானையைப் போல, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் சிறை. மன்னார் வளைகுடாவின் ஒரு பக்கம் தொழில், மறு பக்கம் குற்றம்; அட்டைக்கு எல்லை தெரியாது. போர் முடிந்த 2009 வரை அந்தக் கிழக்குக் கடலில் யாரும் நினைத்தபடி முங்கிவிட முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

"தம்பி, ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. மூச்சை ஆறுதலா விடுங்கோ. மீன் எங்கயும் ஓடாது." படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுவதற்கு முன் எனக்குக் கிடைத்த விளக்கவுரை இதுதான். புறாமலைத் தீவுக்குப் பக்கத்தில் பாறையும் முருகைக்கல்லும் கலந்த தரை. முதல் ஐந்து நிமிடம் நான் எதையும் பார்க்கவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் அடுத்தவர் மூச்சைப் போல. பிறகு அவர் தன் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். மெல்ல விட்டேன், உடம்பு தாழ்ந்தது. இழுத்தேன், எழும்பியது. நுரையீரலையே சுக்கானாக வைத்து ஓட்டலாம் என்று புரிந்ததும் கண் திறந்தது. கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கடித்து நறநறவென்று மென்றன. அந்தச் சத்தம் தண்ணீருக்குள் துல்லியமாகக் கேட்கிறது. கறுப்பு முனைச் சுறா ஒன்று, என் கை நீளம்தான் இருக்கும், எங்களைப் பொருட்படுத்தாமல் போனது. திரும்பும் வழியில் கிளை முறிந்து வெளுத்த முருகைக்கல் பரப்பு ஒன்றையும் காட்டினார். புறாமலை 2003இல் தேசியப் பூங்காவானது. வருகிற கூட்டம் கல்லின் மேலேயே ஏறி நிற்கிறது. பூங்கா என்ற பெயர் கூட்டத்தைக் குறைக்கவில்லை, கூட்டிவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி அதற்குப் பிறகு கோவளத்தில் படித்தான். நானும் கூடப் போனேன். அவனுக்குக் கற்றுத்தந்தவர் பெங்களூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த இளைஞர். இந்தியாவில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கலாம்: நன்றாகப் படித்தவர்கள், ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசுபவர்கள், ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொல்பவர்கள். மருத்துவப் படிவத்தை வரி வரியாகப் படிக்க வைத்தார். அந்த ஒழுங்கு நிலாவெளியில் எனக்குக் கிடைக்கவில்லை. குளத்தில் கல்லைப் போல அடியில் உட்காருகிற தம்பி உப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தான். இடுப்பில் கூடுதலாக இரண்டு கிலோ ஈயம் கட்டின பிறகுதான் இறங்கினான். கீழே கலங்கல். சில மீட்டருக்கு அப்பால் பச்சைத் திரை. நிலாவெளியைப் பார்த்த எனக்கு அது ஏமாற்றம். தேக்கடியைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருந்த அவனுக்கோ அது சொர்க்கம்.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. பக்கத்து விழிஞ்ஞத்தில், கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்து எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கடலடியை அவர்களைவிட அறிந்தவர் யார்? எங்கள் படகில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் ராபர்ட் பனிப்பிள்ளையும் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மெரைன் லைஃப்' அமைப்பும் மீனவர்களின் அறிவோடு ஸ்கூபாவையும் சேர்த்துக் கடலடிப் பார்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அது ஆய்வு, சுற்றுலாத் தொழில் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இந்தியாவில் விதிவிலக்கு என்று எனக்குத் தோன்றுவது அந்தமான். 1920களில் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்கள்தான் ஹாவ்லக் தீவின் முங்குமிடங்கள் பலவற்றைக் கண்டு காட்டியவர்கள். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறியும் அங்கே படகை ஓட்டுபவர்களிலும் முங்கிக் காட்டுபவர்களிலும் அவர்களைப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் இந்த இரண்டு கரைகளுக்கும் முன்பு ஒரே ஆட்கள்தான். தூத்துக்குடி முத்துப் பார்களில் குளித்தவர்கள் மன்னார்ப் பக்கத்து மரிச்சுக்கட்டிக்கும் போனார்கள்: பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார். காலில் கல், இடுப்பில் கூடை, மேலே கயிற்றைப் பிடிக்க ஒருவர். சுறா வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்திருக்கிறது. அவர் ஓதாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்பதால் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வேறு வழி இல்லை. இன்று சுறா கடித்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். செலவு மிச்சம்.

இனி, எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு உள்ள விஷயம்.

அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மணிக்கணக்கில் மெல்ல வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம்வரை கொண்டுபோகும். அதனால்தான் ஒரே ஒரு முங்கல் என்றால் 12 மணி நேரம், பல முங்கல் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறாதே என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிறது. நிலாவெளியிலும் கேட்டார்கள், கோவளத்திலும் கேட்டார்கள்: பிளேன் எப்போ? மலை ஏறணுமா என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை. பறக்கும் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்து அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. மூணாறு 1600, நுவரெலியா 1868. உடம்புக்குத் தெரிவது அழுத்தம்தான். டிக்கெட் வாங்கினோமா என்பதல்ல.

இங்கே இலங்கையின் சின்ன அளவு எதிராகத் திரும்புகிறது. காலையில் இக்கடுவைக் கடலில் முங்கியவர் நாலு மணி நேரத்தில் எல்ல மலைக்குப் போய்விடலாம். சுற்றுலாத் திட்டங்கள் பலவும் கடற்கரையை முடித்துவிட்டு நேரே மலைக்குத்தான் போகின்றன. அட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ திருகோணமலைக்கு வருகிற மலையகப் பிள்ளை அன்றிரவே வீடு திரும்பப் பார்ப்பான். இந்தியாவில் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் போகிறவனைத் தூரமும் விமான விதியும் காப்பாற்றிவிடுகின்றன. கோவளத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கோவளத்திலிருந்து மூணாறுக்குக் காரில் ஏறக்குறைய எட்டு மணி நேரம். அது 12உம் இல்லை, 18உம் இல்லை.

தம்பிக்கு இந்தக் கவலையே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடிகள்தான். மாலையில் ரயிலேறி வீட்டுக்குப் போய்த் தூங்கினான். நெல்லியாம்பதிக்குப் போயிருந்தால் அவனுக்கும் இதே கணக்குத்தான்.

இடுக்கி மாவட்டத்தின் உயரமான அணைகளில் இறங்கும் தீயணைப்புப் படையினருக்கு இன்னொரு கணக்கு. மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால், மூணாறு உயரத்தில் 18 மீட்டர் முங்குவது கடலில் 21, 22 மீட்டர் முங்குவதற்கு ஒப்பாகும். கடல்மட்டத்துக்கு எழுதிய அட்டவணையை அங்கே அப்படியே நம்பக் கூடாது.

ஊர்ப் பையன்கள் யாராவது கேட்டால் நான் இப்படித்தான் சொல்வது: முதல் முங்கலுக்கு நிலாவெளி, ஆனால் மருத்துவப் படிவத்தை நீயே கேட்டு வாங்கிப் படி. கோவளம் என்றால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே போ. கடைசி முங்கலை முடித்த அன்று கோதமங்கலத்துக்கு மேலே வண்டி ஏறாதே. அங்கேயே ஒரு லாட்ஜ் எடு. ராமேஸ்வரம் பக்கம் போயிருந்தால் மதுரையிலோ தேனியிலோ தங்கு, போடி மெட்டு மறுநாள். மூட்டு வலித்தாலோ கை மரத்தாலோ வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறாதே. டாக்டரிடம் போய், கடலில் முங்கினேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்.