உடையில் எழுதிய எதிர்ப்பு

சட்டையிற் குத்திய ஊசி சமுதாயத்தை எதிர்க்குமா? மறைமுகமாகவேனும் எதிர்க்கும் என்பதே, டிக் ஹெப்டிஜ் 1979இல் வெளியிட்ட ‘உபகலாசாரம்: பாணியின் பொருள்’ எனும் ஆங்கில நூலின் வாதம். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உழைக்கும் வர்க்க இளைஞர் தமக்கென வகுத்துக்கொண்ட உடையையும் இசையையும் அவர் ஒரு மொழியாகப் படிக்கிறார்.

இந்நூல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் நிறுவப்பெற்ற பண்பாட்டாய்வு நிலையத்தின் மரபில் வந்தது. அந்நிலையத்தாரின் பணியை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1964இல் கிளாக்டன், பிறைட்டன் முதலிய கடற்கரை நகரங்களில் ‘மொட்ஸ்’, ‘றொக்கர்ஸ்’ என்ற இளைஞர் கூட்டங்கள் கைகலந்தபோது, நாடே கெட்டழிந்ததெனப் பத்திரிகைகள் கூக்குரலிட்டன. பேர்மிங்காம் ஆய்வாளரோ, பெற்றோரின் தொழிலும் குடியிருப்பும் சிதைந்துவிட்ட இளைஞர் தம் வாழ்வின் முரண்பாடுகளுக்குக் கற்பனையில் தேடிய தீர்வையே அக்கோலங்களிற் கண்டனர். தீர்வு கற்பனையானது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஹெப்டிஜின் கவனமோ தீர்விலிருந்து கோலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிய காலத்திலே தோன்றிய ‘பங்க்’ இளைஞரின் ஊசியையும் கிழிந்த சட்டையையும் அவர் நுட்பமாக விளக்குகிறார். 1977ஆம் ஆண்டுக் கோடையிலேயே அவ்வுடைகளைத் தபால் மூலம் வாங்க முடிந்தது என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். எதிர்ப்பு இத்தனை விரைவிற் சரக்காகிவிட்டதெனின், அவ்வுடையைத் தைத்த கூலிப்பெண்ணின் கதை எங்கே? அதனை நூலில் தேடிப் பயனில்லை. பெண்களே இவ்வாய்வுகளின் ஓரத்தில் நிறுத்தப்பட்டனர் என அதே நிலையத்தைச் சேர்ந்த அஞ்சலா மக்றொபி எடுத்துக்காட்டியது முற்றிலும் நியாயமானது.

இதனினும் பாரதூரமானது நிறவெறிப் பிரச்சினை. வெள்ளை இளைஞரின் பாணிகள் யாவும் கறுப்பினக் குடியேறிகளின் பண்பாட்டோடு நடத்திய ஊமை உரையாடல் என்பது ஹெப்டிஜின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. ஆயினும் 1958இல் நொட்டிங் ஹில்லில் மேற்கிந்தியத் தீவினரைத் தாக்கிய கும்பல்களில் ‘ரெடி போய்ஸ்’ இருந்தனர். அறுபதுகளின் இறுதியில் யமேக்க இசைக்கு ஆடிய ‘ஸ்கின்ஹெட்’ இளைஞர் சிலர் பாகிஸ்தானியரை வீதிகளிலே தேடி அடித்தனர். தான் யாரை எதிர்க்கிறது என்பதைச் சட்டை சொல்வதில்லை.

அதனைச் சொல்ல இயக்கம் வேண்டியிருந்தது. 1976இல் தோன்றிய ‘நிறவெறிக்கெதிரான றொக்’ இயக்கம், நாஜி எதிர்ப்புக் கழகத்தோடு இணைந்து, 1978 ஏப்ரல் 30இல் பல்லாயிரம் பேரை லண்டன் விக்ரோறியா பூங்காவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே ஒரே மேடையில் ‘கிளாஷ்’ எனும் பங்க் குழுவும், ‘ஸ்ரீல் பல்ஸ்’ எனும் கறுப்பினக் குழுவும் பாடின. ஊசி குத்திய இளைஞர் அன்று தம் எதிரியைப் பெயர் சொல்லி அழைத்தனர்.

தாம் எழுதியவற்றில் அவ்விளைஞர் தம்மை அடையாளங்காண்பர் என எதிர்பார்க்க முடியாதென நூலிறுதியில் ஹெப்டிஜ் ஒப்புக்கொள்கிறார். நேர்மையான கூற்றே, ஆனால் அவர்களிடமே கேட்டிருக்கலாமன்றோ! அதே நிலையத்தைச் சேர்ந்த போல் வில்லிஸ் கேட்டார். 1977இல் வெளிவந்த அவரது ‘உழைக்கக் கற்றல்’ நூலிலே தொழில் நகரொன்றின் பன்னிரண்டு மாணவர் வாய்விட்டுப் பேசுகின்றனர். ஆசிரியரை எள்ளி, பாடத்தைப் புறக்கணித்து, பள்ளிக்கூடத்தை வென்றுவிட்டதாக அவர்கள் மகிழ்கின்றனர். அந்த வெற்றியே அவர்களைத் தந்தையர் உழைத்த அதே தொழிற்சாலை வாசலிற் கொண்டுபோய் நிறுத்துகிறது.