தேடி மாற்றும் கட்டளைக்கு இலக்கணம் தெரியுமா?

ஆசிரியர்களே, இணையப் பயிற்சிப் பக்கங்களை விஷுவல் ஸ்டூடியோ கோடில் திருத்துகிறீர்களா? விண்டோஸில் கன்ட்ரோல்+எச் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வந்துவிடும். வேகம் அபாரம்தான். ஆனா, அதுக்கு இலக்கணம் தெரியாது. எழுத்து வரிசையை மட்டும்தான் பார்க்கும்.

‘கல்’ என்பதைப் ‘பாறை’ ஆக்கச் சொன்னால், ‘கல்வி’யும் ‘பாறைவி’ ஆகிவிடும்! ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ சிக்காது. அங்கே மகர ஈறு கெட்டு, அத்துச் சாரியை வந்துவிட்டதே. ‘மர’ என்று தேடினாலோ ‘மரபு’ம் சேர்ந்து வரும்.

ஆகவே, ‘அனைத்தையும் மாற்று’ வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். பிழையான பக்கத்தைப் படித்துத் தேர்வுக்குப் போகப்போவது நம் மாணவர்தானே?

மாணவர்களே, வேற்றுமை உருபு ஏற்கும்போது சொல் எப்படி மாறும் என்று தெரிந்தவருக்கே இந்தக் கருவி முழுமையாக உதவும்.