ரப்பர் கையும் பாட்டியின் நரம்பும்

பல மருத்துவக் கல்லூரிகளில் ‘ஸ்கில்ஸ் லேப்’ என்று அழைக்கப்படும் பயிற்சிக் கூடத்தின் மேசைமேல் ஒரு ரப்பர் கை கிடக்கும். தோல் நிறத்தில் உறை, உள்ளே நரம்பாக ஓடும் குழாய், குழாய்க்குள் சிவப்புச் சாயத் தண்ணீர். வருகிறவர்கள் எல்லோரும் குத்திக் குத்தி, முழங்கை மடிப்பில் ஓர் இடம் சல்லடையாகியிருக்கும். அடுத்து வரும் மாணவர் நரம்பை விரலால் தேடுவதை விட்டுவிட்டு, ஓட்டையைக் கண்ணால் தேடுகிறார். ஊசி உள்ளே போகிறது. சிவப்பு வருகிறது. பயிற்சிப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து விழுகிறது.

வார்டில் காத்திருப்பது வேறு கை. நாலு நாள் வாந்திபேதியில் வற்றிப்போன பாட்டி ஒருத்தியின் கை. நரம்பு கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டால் நழுவுகிறது, ஊசி பட்டதும் உடைந்து நீலமாக உப்பிக்கொள்கிறது. பக்கத்தில் நிற்கும் மகள் மாணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரப்பர் கையில் தேறியவருக்கு இந்தக் கையைப் பற்றி எதுவும் தெரியாது.

ரத்தம் எடுப்பது, நரம்பில் ‘வென்ஃப்ளான்’ குழாய் போடுவது, தசையில் ஊசி, மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், சிறுநீர்க் குழாய், தையல், நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்திக் கொடுப்பது. மருத்துவப் படிப்பில் இவற்றுக்குப் பெரிய மரியாதை கிடையாது. எழுத்துத் தேர்வில் மதிப்பெண் சொற்பம். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் ஆர்வமாகக் கேட்பது அரிய நோய்களைப் பற்றி. ஆனால் நோயாளி டாக்டரை எடைபோடுவது இந்தச் சின்ன வேலைகளை வைத்துத்தான். “அந்தத் தம்பி ஒரே குத்துல போட்டுட்டாரு” என்பது வார்டில் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் பட்டம்.

சின்ன வேலை என்று சொல்வதும் முழு உண்மையில்லை. ஒரு வென்ஃப்ளானை எடுத்துக்கொண்டால், எந்தக் கை என்பதிலேயே முதல் முடிவு இருக்கிறது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையைத் தொடவே கூடாது. பச்சை நிற 18-ஆ, இளஞ்சிவப்பு 20-ஆ, நீல 22-ஆ என்ற ஊசி அளவு அடுத்தது. ரத்தம் வேகமாக ஏற்ற வேண்டியவருக்கு மெல்லிய நீலத்தைப் போட்டுவிட்டு வந்தால் போட்டும் பயனில்லை. கட்டு போட்டு, விரலால் தடவி, ஸ்பிரிட் காயும்வரை பொறுத்து, தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, ஊசியின் வெட்டுமுகம் மேலே பார்க்கச் செலுத்த வேண்டும். ரத்தம் எட்டிப் பார்த்ததும் சாய்வைக் குறைத்து இன்னும் ஒரு நூல் தள்ளி, அதன் பிறகே பிளாஸ்டிக்கை வழுக்கிவிட வேண்டும். கட்டை அவிழ்க்காமல் ஊசியை உருவினால் படுக்கை முழுக்க ரத்தம். உருவிய ஊசி நேராகத் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். மூடி போட முயன்றால் குத்துப்படுவது மாணவரின் விரல். தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 1,000-க்கு சுமார் 3. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி வரும் வாய்ப்பு 100-க்கு 30 வரை போகும். இத்தனை முடிவுகளும் இரண்டு நிமிடத்துக்குள் நடந்து முடிகின்றன.

இதைக் கற்றுக்கொடுக்க உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது ஒரு வாசகத்தை: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறுவைப் பயிற்சி முறையை உருவாக்கிய வில்லியம் ஹால்ஸ்டெடின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வது வழக்கம். அது அவருக்கு இழைக்கும் அநீதி. அவருடைய முறை, பொறுப்பு படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும் பல ஆண்டுப் பயிற்சி. வாசகமாகச் சுருக்கியவர்கள் நடுவிலிருந்த ஆண்டுகளை உதிர்த்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்த முறையைத் தூக்கி எறிந்து பேசுவது எளிது. அது தந்ததை மறுப்பது கடினம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவராக, அதாவது ஹவுஸ் சர்ஜனாக, ஓராண்டைக் கழித்தவர்களின் கைக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. இரவுப் பணியில் காய்ச்சல் வார்டு நிரம்பி, பாயில் படுத்திருப்பவர்களுக்கும் டிரிப் ஏற்ற வேண்டியிருந்த நாட்களில் உருவான கை அது. எண்ணிக்கை ஒரு பெரிய ஆசான். இருட்டிலும் விரல்நுனியால் நரம்பைக் கண்டுபிடிக்கும் திறமை பத்தாவது நோயாளியிடம் வருவதில்லை. நூறாவது நோயாளிக்குப் பிறகு மெல்ல வருகிறது. குறை எங்கே என்றால், அந்த முதல் பத்துப் பேரின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் எழுதி வைத்தார்கள். வியன்னாப் பொது மருத்துவமனையில் 1840-களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பழகினார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். அங்கே வந்தவர்கள் ஏழைப் பெண்கள். இலவசக் கவனிப்புக்கு ஈடாக, தங்கள் உடம்பில் மாணவர்கள் பழக இடம்கொடுத்தவர்கள். 1846-இல் மாணவர்கள் பிரிவில் 100 தாய்மாரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேர்கூட இல்லை. மாணவர்கள் பிணப் பரிசோதனை மேசையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்து உள்பரிசோதனை பழகுகிறார்கள் என்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847 மே மாதம் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100-க்கு 18 என்றிருந்த சாவு ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது. கை கழுவுதலின் வரலாறாகவே இது எங்கும் சொல்லப்படுகிறது. கற்பிக்கும் முறையின் வரலாறாகவும் இதைப் படிக்க வேண்டும்: மாணவர் பழகும்போது விலை கொடுத்தது யார் என்பது எண்களாகவே அங்கே நிற்கிறது.

உயிரில்லாததில் முதலில் பழகு என்ற எண்ணம் புதிதும் இல்லை, மேற்கத்தியதும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. வெட்டப் பழக பூசணி, சுரை, வெள்ளரி. நரம்பில் குத்தப் பழக இறந்த விலங்கின் ரத்தக்குழாயும் தாமரைத் தண்டும். தைக்கப் பழக கெட்டித் துணியும் மெல்லிய தோலும். கட்டுப்போடப் பழக ஆள் உருவத்தில் செய்த பொம்மை. சாத்திரம் முழுக்கப் படித்தவனும் கைப்பழக்கம் இல்லாவிட்டால் சிகிச்சைக்குத் தகுதியில்லாதவன் என்பது அந்த நூலின் நிலை. மருத்துவ விடுதிகளில் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு அவ்வளவு பழைய வம்சம் இருக்கிறது.

இன்றைய பொம்மைகளின் கதை நார்வேயில் தொடங்குகிறது. ஸ்டாவாங்கர் நகரில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டல், வாயோடு வாய் மூச்சுக் கொடுக்கப் பழகுவதற்காக 1960-இல் ‘ரிசஸி ஆன்’ என்ற உருவத்தைச் செய்தார். அதற்கு அவர் கொடுத்த முகம், பாரிஸின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகவார்ப்பு. இந்தியக் கல்லூரிகளுக்கு இவை பெருமளவில் வந்தது பிற்பாடு. 2019-இல் திறன்சார் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிக் கூடம் கட்டாயமானது. எந்தச் செய்முறையை மாணவர் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், எதை மேற்பார்வையில் செய்தால் போதும், எதைப் பார்த்தாலே போதும் என்று பட்டியல் வகுக்கப்பட்டது. ரத்தம் எடுப்பது முதல் வகை. முதுகுத்தண்டு நீர் எடுப்பது பார்க்கும் வகை. “எல்லாம் ஹவுஸ் சர்ஜன்ஷிப்பில் தானாக வரும்” என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஒரு நாட்டில் இப்படி ஒரு பட்டியல் போட்டது பெரிய முன்னேற்றம். அதில் சந்தேகமில்லை.

பொம்மையில் பழகுவது நோயாளியைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கும் நல்ல விடை இருக்கிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவர்கள், கழுத்துப் பெருநரம்பில் குழாய் போடுவதைப் பயிற்சி மருத்துவர்களுக்கு முதலில் பொம்மையில் கற்றுக்கொடுத்தார்கள். 2009-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி ரத்தத் தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு 3.2 என்பதிலிருந்து 0.5 ஆகக் குறைந்தது.

இந்த எண்ணைக் காட்டித்தான் பொம்மைகள் வாங்கப்படுகின்றன. ஆனால் சிகாகோவில் வேலை செய்தது பொம்மை மட்டும்தானா? அங்கே ஒவ்வொருவரும் செய்வதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு படியையும் குறித்தார். தவறியதைச் சொல்லித் திருத்தினார். தேர்ச்சி அளவை எட்டாதவர் மறுபடி பழகி, மறுபடி தேர்வு கொடுத்து, எட்டிய பிறகே நோயாளியிடம் போனார். நேரம் ஆளுக்கு ஆள் வேறுபடலாம், தரம் வேறுபடக் கூடாது என்பது அதன் அடிப்படை. நம் கல்லூரிகளில் நடப்பது அதற்கு நேர் எதிர். ஒரு தொகுதிக்கு ஒரு மதிய நேரம் என்று நேரம் எல்லோருக்கும் ஒன்று; தரம் அவரவர் பாடு. விலைப்பட்டியலில் இருந்ததை வாங்கிவிட்டார்கள். பட்டியலில் இல்லாத ஆசிரியரின் மணிநேரத்தை வாங்கவில்லை.

அந்த மணிநேரத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம்தான். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ரோட்னி பேட்டன் 1998-இல் வகுத்த நான்கு படிகள் பரவலாக அறியப்பட்டவை. ஆசிரியர் முதலில் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். பிறகு ஒவ்வொரு அசைவையும் ஏன் என்று விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். கடைசியில் மாணவர் தானே சொல்லித் தானே செய்கிறார். இந்த மூன்றாவது படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. “அடுத்து என்ன?” என்று ஆசிரியர் கையை நிறுத்தும்போது, மாணவரின் மனத்தில் கட்டு அவிழ்ப்பது விடுபட்டிருப்பது வெளியே வந்துவிடுகிறது, யாருக்கும் ரத்தம் சிந்துவதற்கு முன்பே வந்துவிடுகிறது. நேரம் போதாத வகுப்பில் முதலில் வெட்டப்படுவதும் இந்தப் படியே.

வெட்டாமல் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆண்டுக்கு 250 இடங்கள். ஒரு மாணவருக்கு ஒரு செய்முறைக்கு 15 நிமிடம் கொடுத்தாலே 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, அதுவும் ஒரே ஒரு செய்முறைக்கு. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மாவட்டங்களுக்கு அது பெரும் வரவு. ஆனால் கட்டடம் எழும் வேகத்தில் அனுபவமுள்ள ஆசிரியர் உருவாவதில்லை. மறுபக்கம், நோயாளி வரவு குறைந்த கல்லூரிகளில் படிப்பவருக்கு ரப்பர் கைதான் கிட்டத்தட்ட எல்லாமே. இதற்கு நடுவே மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. நிற்கிறது. கொள்குறி வினாக்களால் ஆன அந்தத் தேர்வில் வென்ஃப்ளான் போடத் தெரிந்ததற்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. கை பழக வேண்டிய ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் பலர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பதை அவர்களின் சோம்பல் என்று சொல்வது கொடுமை. எதை அளக்கிறோமோ அதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

அளப்பதற்கென்று வந்த முறையும் தன் குறையோடுதான் வந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ‘ஆஸ்கி’ தேர்வு, எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே அளவுகோல் என்ற நீதியைக் கொண்டுவந்தது. ஆனால் குறிப்புத் தாளில் ‘கை கழுவினார்’ என்று ஒரு கட்டம் இருப்பது தெரிந்ததும், மாணவர்கள் “இப்போது கை கழுவுகிறேன்” என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். செம்மல்வைஸ் கேட்டது அந்த வாக்கியத்தை இல்லை.

கணக்கில் வராத ஆசிரியர் ஒருவர் வார்டிலேயே இருக்கிறார். எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும், முதல் வென்ஃப்ளானைச் சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான் என்று சொல்வார். “சார், அங்க வேணாம், மணிக்கட்டுக்கு மேல பாருங்க” என்று அவர் பக்கத்தில் நின்று சொல்வதே பாடம். குழந்தைகள் வார்டில், தலைமுடி அளவு நரம்பில் மஞ்சள் 24-ஐப் போடுவதில் சிஸ்டர்களுக்கு இருக்கும் கை பல உதவிப் பேராசிரியர்களுக்குக் கிடையாது. அந்தப் பேராசிரியர்களே அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் தகுதி சிஸ்டருக்கு இல்லை. கற்றுக்கொடுத்தவர் ஒருவர், அந்தப் பக்கமே வராமல் கையெழுத்திட்டவர் இன்னொருவர் என்றால் அந்தப் பதிவேடு எதற்குச் சான்று? மூத்த செவிலியர் சிலரைப் பயிற்றுநராக முறைப்படி நியமித்து, அதற்கான நேரமும் ஊதியமும் கையெழுத்துரிமையும் கொடுத்தால் 250 மாணவர் கணக்கின் பாரம் பாதி இறங்கும். புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது, டாக்டருக்கு நர்ஸ் கற்றுக்கொடுக்கலாம் என்று ஏட்டில் எழுதும் மனம்.

இன்னொன்றை எந்தப் பொம்மையாலும் கற்றுத்தர முடியாது: அனுமதி கேட்பது. ரப்பர் கை அனுமதி மறுக்காது. அரசு வார்டின் நோயாளியும் பெரும்பாலும் மறுப்பதில்லை. மறுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மயக்கத்தில் இருக்கும் பெண்களிடம், அவர்கள் அறியாமலே மாணவர்களை உள்பரிசோதனை பழகவிடும் வழக்கம் அமெரிக்காவில் பெரும் விவாதமாகி, 2024-இல் அந்நாட்டு அரசே எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. வியன்னாவின் ஏழைத் தாய்மாருக்கும் இந்தப் பெண்களுக்கும் நடுவே 170 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன.

சில யூனிட்டுகளில் ஒரு வழக்கத்தைச் சொல்லித் தருகிறார்கள். ஊசியைக் கையில் எடுக்கும் முன் மாணவர் நோயாளியின் கண்ணுயரத்துக்கு உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி, “நான் இங்க படிக்கிறேன் பாட்டி. ரெண்டு தடவை பார்ப்பேன், கிடைக்கலைன்னா சிஸ்டரைக் கூப்பிட்டுக்குவேன். போடட்டுமா?” என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு என்ற எல்லையை மீறக் கூடாது. பக்கத்தில் சிஸ்டர் உண்மையிலேயே நிற்க வேண்டும். இப்படிக் கேட்கும்போது பாட்டிகள் பெரும்பாலும் இரண்டு கையையும் நீட்டி, போன தடவை எந்தக் கையில் நரம்பு சுலபமாகக் கிடைத்தது என்று தாங்களே காட்டிக்கொடுக்கிறார்கள்.