சீட்டின் முதுகு: எனக்குப் பிடித்த கட்டு எது, ஏன்?

சீட்டுக்கட்டு சேகரிப்பவர்களிடம் ‘உங்களுக்குப் பிடித்த கட்டு எது?’ என்று கேட்டால் பெரும்பாலும் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள். தங்க முலாம் பூசிய பெட்டி, கறுப்பு முகம், ராஜாவுக்குப் பதில் மண்டையோடு. எனக்கு அதில் பெரிய ஆட்சேபம் இல்லை, அலமாரியில் வைக்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் சீட்டு என்பது நாலு பேர் பணமோ மானமோ வைத்து உட்காரும்போது நடுவில் இருக்கிற பொருள். அதை எடைபோடணும்னா முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கட்டில் ஒரு கோளாறு இருந்தால் அது மேசையில் உள்ள எல்லாருக்கும் தெரியுமா, இல்லை ஒருத்தருக்கு மட்டும் தெரியுமா?

ஒப்பிடப்போவது இரண்டே கட்டுகள். ஒன்று பைசிகிள் ரைடர் பேக், எண் 808. இன்னொன்று பீ, எண் 92. பைசிகிள் 1885-ல் சின்சினாட்டியில் வந்த பெயர். ரைடர் பேக் முதுகு 1887-ல் சேர்ந்தது. பீ 1892-ல் நியூயார்க்கில் பிறந்தது, எண்ணில் இருக்கும் 92 அந்த வருஷம்தான். இன்றைக்கு இரண்டையும் தயாரிப்பது ஒரே அமெரிக்கக் கம்பெனி. 2019-லிருந்து அது பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி கையில் இருக்கிறது. அளவும் ஒன்றுதான், ஏறத்தாழ 63-க்கு 88 மில்லிமீட்டர். ராஜா ராணி முகங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆட்டின் ராஜா இரண்டிலும் மீசை இல்லாமல், வாளைத் தன் தலைக்குள் செருகிக்கொண்ட மாதிரி நிற்பார். (அது முதலில் கோடரி. பிரதி எடுத்து எடுத்து கோடரியின் தலை காணாமல் போய்விட்டது. போகிற போக்கில் இன்னொன்று: நாம் சொல்லும் ‘ஆட்டின்’, ‘கிளாவர்’ இரண்டும் டச்சுக்காரர்களின் ‘ஹார்ட்டன்’, ‘கிளாவர்’. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இதுக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.)

ஆக, வித்தியாசம் முழுக்க முதுகில்.

ரைடர் பேக்கின் முதுகில் சைக்கிள் ஓட்டும் சின்னத் தேவதைகள், சுற்றிலும் கொடியும் பூவுமாக நுணுக்கமான வேலை, அதைச் சுற்றி வேட்டிக்குக் கரை மாதிரி ஒரு வெள்ளை ஓரம். பீயின் முதுகில் ஒன்றுமே இல்லை. சின்னச் சின்ன டைமண்ட் கட்டங்கள், விளிம்பு வரைக்கும். கரை கிடையாது. முதல் தடவை பார்க்கிறவருக்கு பீ ஏதோ பாத்ரூம் டைல்ஸ் மாதிரி தோணும். அழகுப் போட்டி வைத்தால் ரைடர் பேக் சுலபமாக ஜெயிக்கும்.

ஆனால் அந்த வெள்ளைக் கரை என்ன செய்கிறது பாருங்கள். ஒரு சீட்டு கட்டுக்குள் தலைகீழாக, அதாவது மல்லாக்கக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முகத்திலும் ஓரம் வெள்ளை. மற்ற சீட்டுகளின் முதுகிலும் ஓரம் வெள்ளை. கட்டை லேசாக விரித்தால் வெளியே தெரிவது ஓரங்கள் மட்டும்தான். வெள்ளையோடு வெள்ளையாக அந்தச் சீட்டு ஒளிந்துகொள்ளும். மேஜிக்காரர்களுக்கு இது பெரிய வசதி. நீங்கள் மனதில் நினைத்த சீட்டு நடுவில் தானாகப் புரண்டு கிடக்கும் வித்தைகளில் பாதி இந்தக் கரையின் தயவில் நடப்பதுதான். பீயில் இது நடக்கவே நடக்காது. சிவப்புக் கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று கண்ணில் குத்தும். சூதாட்ட விடுதிகளில் பீ இவ்வளவு காலமாகப் புழங்குவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

நுணுக்கமான ஓவியத்துக்கும் ஒரு விலை உண்டு. பூவில் ஒரு இதழைக் கூட்டினாலோ குறைத்தாலோ யார் கவனிக்கப்போகிறார்கள்? குறியிட்ட சீட்டு செய்ய ரைடர் பேக் முதுகு அவ்வளவு தோதானது. கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு: கட்டை ஒரு கையில் பிடித்து, முதுகைப் பார்த்தபடி கட்டைவிரலால் சர்ரென்று ஓடவிட வேண்டும். எல்லாச் சீட்டும் ஒன்றுபோல் இருந்தால் படம் அசையாது. குறி இருந்தால் அந்த இடம் மட்டும் பழைய சினிமா மாதிரி ஆடும்.

இதுவரை பீ பக்கம்தான் நியாயம். இப்போ எதிர்த்தரப்பு.

கரை இருக்கிற சீட்டை அச்சகத்தில் கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டால் ஒரு பக்கம் வெள்ளை தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். பார்த்தவுடன் யாருக்கும் தெரியும், ‘இந்தக் கட்டு வேண்டாம்’ என்று தூக்கிப் போடலாம். கரையில்லாத முதுகில் அதே பிழை நடந்தால்? ஒரு விளிம்பில் டைமண்ட் முழுசாக இருக்கும், எதிர் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஏதோ ஒரு பங்கு. தேடிப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும். முக்கியமான சீட்டுகளை மட்டும் அரைச்சுற்று திருப்பி வைத்துவிட்டால் அவற்றின் முதுகே நமக்குச் சேதி சொல்லும்.

இது வெறும் கற்பனை இல்லை. 2012-ல் லண்டனில் கிராக்ஃபோர்ட்ஸ் என்ற சூதாட்ட விடுதியில் போக்கர் வீரர் ஃபில் ஐவி, செங் யின் சுன் என்ற பெண்மணியோடு சேர்ந்து புன்ட்டோ பாங்க்கோ ஆடினார். அது பாக்கரட் வகை ஆட்டம். 7, 8, 9 சீட்டுகள்தான் அதில் கனமானவை. ‘எனக்கு ராசி, இந்தச் சீட்டை இப்படித் திருப்பி வையுங்க’ என்று அந்தப் பெண்மணி சொல்ல, சீட்டு போடுகிறவர் விஷயம் தெரியாமல் திருப்பி வைத்தார். அதே சீட்டுகளையே தொடர்ந்து பயன்படுத்தவும் வைத்தார்கள். கலைத்தது இயந்திரம். கையால் கலைத்தால் கட்டின் ஒரு பகுதி திரும்பிவிட வாய்ப்பு உண்டு, இயந்திரம் திசையை மாற்றாது. ஜெயித்தது சுமார் 77 லட்சம் பவுண்டு. விடுதி பணம் தர மறுத்தது, வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 அக்டோபரில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக ஐவிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பில் என்னை யோசிக்க வைத்த இடம் ஒன்று. ஐவி தான் செய்தது ஏமாற்று இல்லை என்று உண்மையாகவே நம்பினார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அது ஏமாற்றுதான் என்றது. விளிம்பைப் பார்த்ததோடு நின்றிருந்தால் கதை வேறு. சீட்டு போடுகிறவரைத் தந்திரமாகத் திருப்ப வைத்ததுதான் குற்றம். நேர்மையின்மையை எப்படி அளப்பது என்பதில் 1982-லிருந்து இங்கிலாந்தில் இருந்த அளவுகோலே இதோடு மாறியது. ஒரு சீட்டு முதுகின் வெட்டுப்பிழை குற்றவியல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. யோசிச்சுப் பாருங்க.

அப்படியென்றால் ரைடர் பேக்தான் நல்ல கட்டா? எனக்கு அப்படித் தோணலை. திசைப் பிரச்சினை பீயின் முதுகோடு முடிவதில்லை. எந்தக் கட்டின் முகத்திலும் அது உண்டு. சோதித்துப் பார்க்கலாம். இஸ்பேடு, ஆட்டின், கிளாவர் மூன்றிலும் ஆஸ், 3, 5, 6, 7, 8, 9 ஆகியவற்றைத் திருப்பினால் படம் மாறும், மேல்நோக்கியவை கீழ்நோக்கும். டைமனுக்குத் தலைகால் கிடையாது, ஆனால் டைமன் 7-ல் நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளி மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும். மொத்தம் 22 சீட்டுகள். ஆக ‘எந்தச் சீட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது’ என்ற தகவல் எப்பவும் கட்டுக்குள் இருக்கிறது.

அதை அழிக்க ஒரே ஒரு பழக்கம் போதும்: கலைக்கும்போது கட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேசையிலேயே அரைச்சுற்று திருப்பி, பிறகு சேர்ப்பது. இரண்டு மூன்று முறை செய்தால் யாருடைய அடையாளமும் மிஞ்சாது. வேறு செலவு கிடையாது. பீயின் பலவீனத்துக்கு மருந்து ஆடுகிறவர்கள் கையிலேயே இருக்கிறது. ரைடர் பேக்கின் கரை மறைப்பதை வெளியே கொண்டுவர அப்படியொரு பழக்கம் கிடையாது. ஒவ்வொரு சீட்டாகத் தள்ளிப் பார்க்கணும், ரம்மி நடுவில் யார் அதைச் செய்வார்? இதனால்தான் என் ஓட்டு பீக்கு. வித்தை காட்டுகிறவர் ரைடர் பேக் வாங்கட்டும், அவருக்கு அதுதான் சரி.

பீயிலும் குறை உண்டு. காகிதச் சீட்டு என்பதால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நமத்துப் போய் வளையும், ஒன்றோடொன்று ஒட்டும். வியர்த்த கையோடு ஆடினால் ஓரம் சீக்கிரம் அழுக்காகும். அழுக்கும் ஒரு குறிதான், அப்போது கட்டை மாற்றிவிட வேண்டும். முழு பிளாஸ்டிக் சீட்டு பல மடங்கு உழைக்கும், துடைத்தும் வைக்கலாம், ஆனால் வழவழவென்று கையை விட்டு நழுவுவது எனக்குப் பிடிப்பதில்லை. இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம், வாதம் பண்ண மாட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: 92-ல் மூலையில் உள்ள எண் சின்னது. அதே முதுகோடு பெரிய எண் போட்டது 77. நாற்பது தாண்டியவர்கள் கூடும் மேசை என்றால் 77 வாங்குங்கள்.